தேவனோடு நெருங்கி வாழ்வது எப்படி? விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டு ஜெபக்கூட்டங்களிலும், ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போதும் சபை மக்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் போதகர் இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பல வருஷமாக வேதபாட வகுப்பு எடுத்து வருகிறேன், அவ்வளவுதான். வசனங்கள் நம் சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

தேவனோடு நெருக்கமாக இருப்பது என்றால் என்ன? அது ஒரு உணர்வா?

உணர்வு சில நேரம் வரும், சில நேரம் வராது. அதை வைத்து அளந்தால் ஒவ்வொரு நாளும் வேறு வேறு கணக்குதான் கிடைக்கும். இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் 73-ஆம் சங்கீதத்தைத்தான் காட்டுவேன். அதைப் பாடிய ஆசாப் அப்போது நல்ல மனநிலையில் இல்லை. துன்மார்க்கர் சுகமாக வாழ்வதைப் பார்த்து அவருக்குப் பொறாமை. நான் சுத்தமாக நடந்ததெல்லாம் வீண்தானா என்று கேட்கிறார். மனம் கசந்து, “உமக்கு முன்பாக மிருகம் போலிருந்தேன்” என்று தன்னைப் பற்றியே சொல்கிறார். அடுத்த வசனத்தைப் பாருங்கள்: “ஆனாலும் நான் எப்பொழுதும் உம்மோடிருக்கிறேன், என் வலதுகையைப் பிடித்துத் தாங்குகிறீர்.”

மிருகத்தைப் போல இருந்த அதே நேரத்திலும் அவர் கையைத் தேவன் விடவில்லை. ஆசாபுக்கு அது பிறகுதான் தெரிகிறது. சங்கீதத்தின் கடைசியில், “எனக்கோ, தேவனை அண்டிக்கொண்டிருப்பதே நலம்” என்று சொல்கிறார்.

எபேசியர் 2-ஆம் அதிகாரமும் இதையே சொல்கிறது. முன்னே தூரமாயிருந்த நாம் கிறிஸ்துவின் இரத்தத்தினாலே “சமீபமானோம்.” அது நடந்து முடிந்த காரியம். தினமும் ஜெபித்து, வேதம் வாசித்து, கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குப் பக்கத்தில் போகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு நாள் தவறினால் பழைய தூரத்துக்கே போய்விட்டதாகப் பயப்படுகிறார்கள். கிறிஸ்து அருகில் கொண்டுவந்தவரை நம் சோர்வு அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாது. ஏற்கெனவே பக்கத்தில் இருக்கிறவரிடம் திரும்பி ஒரு வார்த்தை பேசுவதற்குத்தான் ஜெபமும் வாசிப்பும். கீழே வருகிற எல்லாப் பதில்களையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

காலையில் எழுந்து ஜெபித்தால்தான் ஜெபமா? எனக்கு நைட் ஷிப்ட்.

இயேசு அதிகாலையில், இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்வது உண்மைதான். ஆனால் வேதத்தில் ஜெபத்துக்கு ஒரே நேரம் இல்லை. ஈசாக்கு சாயங்காலத்தில் வயல்வெளிக்குப் போய்த் தியானம் பண்ணினான். தானியேல் ஒரு நாளைக்கு மூன்று வேளை முழங்கால்படியிட்டான். பவுலும் சீலாவும் நடுராத்திரியில் சிறைச்சாலையில் ஜெபித்துப் பாடினார்கள். இயேசுவே ஒரு இரவு முழுவதும் ஜெபித்ததை லூக்கா 6:12-ல் வாசிக்கிறோம்.

ஆகவே டியூட்டி முடிந்து காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, படுக்கும் முன் பதினைந்து நிமிஷம் அவரோடு உட்காருங்கள். உங்கள் காலை ஜெபம் அதுதான். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஜெபிப்பதுதான் பக்தி என்று யாராவது சொன்னால் சங்கீதம் 127:2-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறவர் அவர்.

நேரம் எதுவாக இருந்தாலும் ஒரு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டில் ஓரம், மொட்டைமாடி, பூஜ்ஜியம் வாட் பல்பு எரிகிற சமையலறை மூலை என்று எதுவும் போதும். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். போனில்தான் வேதம் வாசிக்கிறேன் என்கிறவர்கள் ஒரு அச்சு வேதாகமம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேலே வாட்ஸ்அப் செய்தி வந்து நின்றால் நம்மில் எத்தனை பேரால் அதைத் தொடாமல் இருக்க முடியும்?

எவ்வளவு நேரம் ஜெபிக்க வேண்டும்?

கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிஷம் ஆகாது. தண்ணீரில் அமிழ்ந்துபோகும்போது பேதுரு ஜெபித்தது “ஆண்டவரே, என்னை இரட்சியும்” என்பது மட்டுமே. உடனே இயேசு கையை நீட்டினார். நிமிஷக் கணக்கை விடுங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகும் அவர் முன் கொஞ்சம் உட்கார்ந்திருக்கப் பழகினால் நேரம் தானாகக் கூடும்.

கைக்குழந்தையும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். எனக்கென்று ஐந்து நிமிஷம்கூட இல்லை. நான் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கண்ணீரோடு கேட்ட தாய்மார் உண்டு. அவர்களுக்கு நான் முதலில் சொல்வது: உங்களால் முடியாததை அவர் கேட்கவில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் சபை மடத்தில் லாரன்ஸ் என்ற சகோதரர் இருந்தார். 1614-ல் பிறந்தவர். போரில் அடிபட்ட முன்னாள் சிப்பாய், காலில் ஊனம், பெரிய படிப்பு எதுவும் கிடையாது. மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. அதே அடுப்படியில்தான் ஒவ்வொரு வேலையையும் தேவன்மேல் உள்ள அன்புக்காகச் செய்யவும், வேலைக்கு நடுவே அவரோடு பேசவும் பழகினார். ஜெபத்துக்கென்று ஒதுக்கிய நேரமும் பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவே இருக்கிற நேரமும் தனக்கு வேறு வேறு இல்லை என்று சொல்லுமளவுக்கு வந்தார். 1691-ல் இறந்தார். இதெல்லாம் அவருக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதல் பத்து வருஷம் மிகவும் கஷ்டப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். சோர்ந்துபோகிற தாய்மாருக்கு நான் அந்தப் பத்து வருஷத்தைத்தான் முக்கியமாகச் சொல்வேன்.

எங்கள் சபையில் மூன்று பிள்ளைகளோடு வேலைக்கும் போகிற ஒரு தங்கச்சி இருக்கிறாள். காலை ஏழு மணிக்கு அவள் சமையல் மேடையில் நான்கு டிபன் பாக்ஸ் வரிசையாக இருக்கும். சாதம் வைத்து, பொரியல் வைத்து, ஒவ்வொன்றையும் மூடும்போது அது யாருடையதோ அவர் பெயரைச் சொல்லி ஒரு வரி ஜெபிக்கிறாள். “ஆண்டவரே, இன்றைக்கு இவனுக்குக் கணக்குப் பரீட்சை, பயத்தை எடுத்துப்போடும்.” “இவருக்கு ஆபீஸில் அந்த மேனேஜரோடு பொறுமையைத் தாரும்.” சின்னவனுடைய பாக்ஸில் ஒரு பக்கத்துக் கிளிப் சரியாக மாட்டாது. அதைப் போட்டு அழுத்தி மூட நேரமாகும். அதனால் அவனுக்கு மட்டும் ஜெபம் கொஞ்சம் நீளம். அவள் இதைப் பெரிதாகச் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் நான் போயிருந்தபோது உதடு அசைவதைப் பார்த்துக் கேட்டேன்.

நெகேமியாவும் இப்படிச் செய்தவர்தான். ராஜா “நீ கேட்கிற காரியம் என்ன” என்று கேட்டதற்கும் இவர் பதில் சொல்வதற்கும் இடையில் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருந்திருக்கும். ஆனால் அதற்கு முன்னே பல நாள் உபவாசித்து அழுது ஜெபித்ததும் நெகேமியா முதல் அதிகாரத்தில் இருக்கிறது. சின்ன ஜெபங்கள் மட்டுமே போதும் என்று ஆக்கிவிடக் கூடாது. பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் தனி நேரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். கணவருக்கும் ஒரு வார்த்தை: வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொண்டு அவருக்கு அரைமணி நேரம் கொடுங்கள். அதுவும் உங்கள் பக்தியில் சேர்த்திதான்.

வேதம் வாசிக்கிறேன். மூடி வைத்ததும் என்ன வாசித்தேன் என்றே நினைவில்லை. எப்படி வாசிப்பது?

வேகமாக வாசிப்பதும் மெதுவாக வாசிப்பதும் இரண்டும் வேண்டும். நம் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன. நாளைக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரம் வாசித்தால் ஒரு வருஷத்தில் முடியும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மரே மக்செயின் 1842-ல் தன் சபைக்கு ஒரு வாசிப்பு அட்டவணை போட்டுக் கொடுத்தார். வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு தடவையும் வரும். இன்றும் உலகம் முழுக்க அதைப் பின்பற்றுகிறார்கள். முழு வேதத்தையும் தெரிந்துகொள்ள அது நல்ல வழி.

ஆனால் உள்ளே இறங்க வேண்டுமென்றால் ஒரு சின்னப் பகுதியை எடுத்துக்கொண்டு அதிலேயே நிற்க வேண்டும். மாற்கு 10-ல் வருகிற பர்திமேயுவை எடுத்துக்கொள்வோம். ஏழே வசனங்கள். மூன்று முறை மெதுவாக வாசியுங்கள், ஒரு முறையாவது வாய்விட்டு.

எரிகோவின் வழியருகே உட்கார்ந்து பிச்சை கேட்கிற குருடன். இயேசு போகிறார் என்று கேள்விப்பட்டு, “தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்” என்று கூப்பிடுகிறான். பேசாதிருக்கும்படி அநேகர் அதட்டுகிறார்கள். யார் அவர்கள்? இயேசுவின் கூடவே நடந்து வருகிறவர்கள்! அவரோடு நடக்கிறவர்களே ஒருவனை அவரிடம் வரவிடாமல் தடுக்க முடியும். இங்கே நிறுத்தி, நான் யாரையாவது அதட்டியிருக்கிறேனா என்று கேட்கலாம். அவன் முன்னிலும் அதிகமாய்க் கூப்பிடுகிறான். இயேசு நிற்கிறார். எருசலேமுக்கு, சிலுவைக்குப் போகிற வழியில் ஒரு பிச்சைக்காரனுக்காக நிற்கிறார்.

அவன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வருகிறான். குருடன் ஒருவன் எறிந்த துணியைத் திரும்பத் தேடிக் கண்டுபிடிப்பது லேசா? திரும்ப வந்து இதே இடத்தில் உட்காரும் எண்ணம் அவனுக்கு இல்லை போலிருக்கிறது.

அப்புறம் இயேசு கேட்கிற கேள்வி: நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்? பார்வை இல்லாதவனிடம் இதைக் கேட்பானேன்? கொஞ்சம் மேலே, இதே அதிகாரம் 36-ஆம் வசனத்துக்குப் போங்கள். யாக்கோபிடமும் யோவானிடமும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்டார். அவர்கள் கேட்டது வலதுபாரிசத்தில் ஒரு இடம், இடதுபாரிசத்தில் ஒரு இடம். இவன் கேட்டது பார்வை. பார்வை கிடைத்ததும் வழியில் அவருக்குப் பின்னே போனான். இப்போது அதே கேள்வியை அவர் உங்களிடம் கேட்பதாக வைத்துக்கொண்டு, உண்மையான பதிலைச் சொல்லுங்கள். வாசித்தது அப்படியே ஜெபமாகிவிடும். மூடி வைத்த பிறகும் மறக்காது.

ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன்.

மாற்குவில் ஆரம்பியுங்கள். 16 அதிகாரம்தான், ஒரு ஞாயிறு மத்தியானத்திலேயே முழுவதையும் வாசித்துவிடலாம். பிறகு சங்கீதங்கள், யோவான், பிலிப்பியர். அதற்கப்புறம் லேவியராகமத்தை எபிரெயர் நிருபத்தோடு சேர்த்து வாசியுங்கள், பலிகளின் அர்த்தம் புரியும்.

ஜெபிக்கும்போது மனம் எங்கெங்கோ ஓடுகிறது.

எங்கே ஓடுகிறது என்று கவனியுங்கள். கடன் தவணைக்கா, மகள் கல்யாணத்துக்கா, நேற்று ஒருத்தி சொன்ன வார்த்தைக்கா? உங்கள் மனம் எதைச் சுமக்கிறதோ அங்கேதான் ஓடும். அதைத் துரத்திவிட்டுப் “பக்தியான” காரியங்களுக்குத் திரும்பப் பார்க்காமல், அதையே ஜெபிக்கலாமே. வாய்விட்டுச் சொல்லி ஜெபிப்பதும் நோட்டில் எழுதி ஜெபிப்பதும் உதவும். சொந்த வார்த்தை வராத நாளில் ஒரு சங்கீதத்தை எடுத்து அதன் வார்த்தைகளையே உங்கள் ஜெபமாகச் சொல்லுங்கள். 150 சங்கீதங்களில் நன்றி, கோபம், பயம், பாவ அறிக்கை எல்லாம் இருக்கின்றன.

வருஷக்கணக்காக ஜெபிக்கிறேன். ஒன்றுமே உணரவில்லை. தேவன் என்னை விட்டுவிட்டாரா?

இல்லை. ஆனால் இதைக் கேட்கிறவர்களுக்கு ஒரு வரிப் பதில் போதாது.

88-ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். பெரும்பாலான துயரச் சங்கீதங்கள் கடைசியிலாவது வெளிச்சத்துக்கு வரும். இது வராது. சிநேகிதரும் அறிமுகமானவர்களும் போய்விட்டார்கள் என்ற புலம்பலோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அதன் முதல் வரி, “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே, இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்” என்பது. ஒன்றும் தெரியாத இருட்டில் இருந்துகொண்டு “என் இரட்சிப்பின் தேவன்” என்று அழைக்கிற ஒருவருடைய ஜெபத்தை ஆவியானவர் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார். இப்படிப்பட்ட நாட்கள் விசுவாசிக்கு வரும் என்று அவருக்குத் தெரியும்.

அன்னை தெரசா 1997-ல் மறைந்தார். அவர் தன் ஆவிக்குரிய ஆலோசகர்களுக்கு எழுதிய கடிதங்கள் 2007-ல் வெளியானபோது பலர் அதிர்ந்துபோனார்கள். கொல்கத்தாவில் மரிக்கிறவர்களைத் தூக்கிச் சுமந்த அத்தனை வருஷங்களிலும், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், தேவனுடைய பிரசன்னத்தை உணராத இருட்டை அவர் அனுபவித்திருக்கிறார். அந்த இருட்டிலும் தினமும் அதிகாலையில் ஜெபத்துக்குப் போனார். அவர் விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா?

எலியாவின் கதையையும் மறந்துவிடாதீர்கள். கர்மேல் பர்வதத்தில் பெரிய வெற்றி கண்ட பிறகு, சூரைச்செடியின் கீழ் படுத்து, “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். எலியா சாப்பிட்டுத் திரும்பத் தூங்குகிறார். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு. கர்த்தருடைய மெல்லிய சத்தம் கேட்டது அதற்கப்புறம், நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகு.

அதனால் நான் கேட்பேன்: தூங்குகிறீர்களா? சாப்பிடுகிறீர்களா? எதிலும் விருப்பமில்லாமல், காரணமில்லாமல் அழுகை வந்து, வாரக்கணக்காக அப்படியே இருக்கிறதா? அப்படியானால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுவது எப்படி விசுவாசக் குறைவு இல்லையோ அப்படித்தான் இதுவும். “இன்னும் ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிற பழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. அது மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். எந்த முகத்தோடு ஜெபிப்பது?

விழுந்தவர்கள் பொதுவாக ஒரு காரியம் செய்கிறோம். ஒரு வாரம் ஒழுங்காக இருந்துவிட்டு அப்புறம் ஜெபத்துக்குப் போகலாம் என்று ஒதுங்கிவிடுகிறோம். அந்த ஒரு வாரம்தான் அதிக ஆபத்து. ஏதேனில் ஆதாமும் மரங்களுக்குள்ளே போய் ஒளிந்துதான் கொண்டான்.

பேதுருவைப் பாருங்கள். பிரதான ஆசாரியனுடைய அரண்மனையில் கரிநெருப்பண்டை குளிர்காய்ந்துகொண்டு நிற்கும்போது மூன்று தரம் மறுதலித்தான். யோவான் 21-ல் திபேரியா கடற்கரையில் இறங்கினபோது அவன் கண்டதும் கரிநெருப்புதான். அதன்மேல் மீன். இந்தத் தடவை நெருப்பை மூட்டி வைத்திருந்தவர் இயேசு. முதலில் “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்” என்றார். சாப்பிட்டு முடிந்த பிறகுதான், “என்னை நேசிக்கிறாயா” என்று மூன்று தரம் கேட்டார். மறுதலித்த கணக்குக்குச் சரியாக மூன்று தரம் சொல்ல வைத்து, ஒவ்வொரு தரமும் தம் ஆடுகளை அவன் கையில் ஒப்புவித்தார்.

ஆகவே விழுந்த அன்றைக்கே, அந்த மணிநேரத்திலேயே போய் அறிக்கையிடுங்கள். 1 யோவான் 1:9 விசுவாசிகளுக்கு எழுதப்பட்ட வசனம். மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு, கூடவே நடைமுறை வேலையையும் செய்யுங்கள். ராத்திரி போன்தான் கண்ணியென்றால் பத்து மணிக்கு மேல் அது ஹாலில் இருக்கட்டும். குடி என்றால் அந்தக் கடை இருக்கிற தெரு வழியாக வராமல் சுற்றி வாருங்கள். கூடவே மருத்துவ உதவியும் தேடுங்கள். நம்பிக்கையான, வாய் காக்கிற ஒருவரிடம் சொல்லுங்கள். ரகசியமாக வைத்திருக்கிற வரைக்கும்தான் அதற்குப் பலம் அதிகம்.

புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையைப் பிடித்துக்கொண்டு அந்த வருஷம் முழுக்க ஜெபிக்கிறேன். அது நடக்காவிட்டால்?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையும், பன்னிரண்டு மணி தாண்டியதும் தட்டிலிருந்து அட்டை எடுப்பதும் நம் பிள்ளைகளுக்கு மறக்க முடியாத காரியங்கள். நானும் ஆசையோடு எடுக்கிறவள்தான். எடுத்த வசனத்தை அதன் அதிகாரத்தோடு சேர்த்து வாசியுங்கள் என்றுதான் சொல்வேன்.

அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” அதற்கு முந்தின வசனத்தில் என்ன இருக்கிறது? பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு. அந்த அதிகாரம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பின கடிதம். அதை வாங்கி வாசித்த பெரியவர்கள் பலர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்க முடியாது. அவர்களுக்குக் கர்த்தர் சொன்னது: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள்.

இந்த வருஷத்துக்குள் வீடு, வேலை, குழந்தை என்று அந்த வசனம் நாள் குறித்துக் கொடுக்கவில்லை. பாபிலோனிலும் அவர் நம்மை நினைத்திருக்கிறார் என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தால் டிசம்பரில் ஏமாற்றம் வராது.

கணவனுக்கும் மனைவிக்கும் பேச்சில்லை. ஆனால் குடும்ப ஜெபம் மட்டும் தவறாமல் நடக்கிறது.

மத்தேயு 5-ல் இயேசு காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு என்கிறார். 1 பேதுரு 3:7 புருஷர்களுக்கு எழுதினது: மனைவியைக் கனப்படுத்துங்கள், உங்கள் ஜெபங்களுக்குத் தடை வராதபடிக்கு. அதனால் எட்டரை மணி ஜெபத்துக்குப் பாய் விரிக்கும் முன்னே, சமையலறைக்குப் போய் “நான் பேசினது தப்பு” என்று சொல்லுங்கள். பிள்ளைகள் காதில் விழட்டும். அன்றைக்கு அவர்கள் கற்றுக்கொள்வது வேறெந்த நாளையும்விட அதிகமாக இருக்கும்.

அடி உதை நடக்கிற வீடு வேறு விஷயம். அங்கே பொறுத்துப் போ என்று வசனம் சொல்லி அனுப்புவது பாவம். அந்தச் சகோதரி முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். சபை அதற்கு உதவ வேண்டும்.

யூடியூபில் நல்ல ஆராதனைகள் வருகின்றன. சபைக்குப் போகத்தான் வேண்டுமா?

முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. முடிகிறவர்கள் போக வேண்டும், எபிரெயர் 10:25 அதைத்தான் சொல்கிறது. திரையில் பார்க்கிற போதகருக்கு உங்கள் பெயர் தெரியாது. நீங்கள் இரண்டு ஞாயிறு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே ஒரு பாட்டி இல்லை. திருவிருந்தின் அப்பமும் திரை வழியாக வராது. சபையில் காயப்பட்டவர்கள் கொஞ்ச நாள் வேறொரு சபையின் பின்வரிசையில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை. கூடிவருவதை விட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் கிறிஸ்தவள். வெளிப்படையாக ஜெபிக்க முடியாது.

அறைவீட்டுக்குள் பிரவேசித்து, கதவைப் பூட்டி, அந்தரங்கத்தில் இருக்கிற பிதாவை நோக்கி ஜெபிக்கச் சொன்னவர் இயேசு. உங்களுக்குத் தனி அறைகூட இல்லாமல் இருக்கலாம். அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய, சத்தம் வராமல் ஜெபித்தாள். ஆசாரியனான ஏலிக்கே அது புரியவில்லை, கர்த்தர் கேட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சங்கீதத்தை மனதுக்குள் சொல்லலாம். அதற்காகவே சில சங்கீதங்களை மனப்பாடம் செய்து வையுங்கள். மாமியாரிடமும் கணவரிடமும் அன்பாக, மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். வாதம் பண்ணி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். பக்கத்தில் விசுவாசியான ஒரு அக்காவோ அம்மாவோ இருந்தால் வாரம் ஒரு முறையாவது அவரோடு பேசுங்கள். இந்தப் பாதையில் தனியாக நடப்பது கஷ்டம்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கல், மறதி வேறு. முன்பு போல வேதம் வாசிக்க முடியவில்லை, ஆண்டவருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை என்று அழுகிறார்.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் ஒரு குழிக்குள் விழுந்து அடிபட்டார். அதற்குப் பிறகு 1951-ல் மரிக்கும் வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஒரே அறையில்தான் இருந்தார். அங்கிருந்தே எழுதினார், ஜெபித்தார், பிள்ளைகளை ஒருவர் ஒருவராக அழைத்துப் பேசினார். படுக்கையில் இருப்பவரை ஆண்டவர் ஓரமாக வைத்துவிடுவதில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அப்புறம் நீங்கள் செய்ய வேண்டியது. தினம் ஒரே நேரத்தில், காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமாக, மெதுவாக ஒரு சங்கீதம் வாசியுங்கள். 23, 91, 103, 121 ஆகியவற்றை மாற்றி மாற்றி வாசித்தாலே போதும். புதிய பகுதிகளைவிடச் சிறு வயதில் மனப்பாடம் செய்தவைதான் மறதிக்காரர்களிடம் தங்கும். வசனத்தின் பாதியில் நிறுத்திப் பாருங்கள், மீதியை அம்மாவே சொல்லுவார். காலையில் சாப்பிட்டது என்னவென்று மறந்தவர்கள் பழைய கீர்த்தனையை நான்கு சரணமும் பாடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒலி வடிவ வேதாகமத்தைப் போனில் போட்டுக் கொடுக்கலாம், ஆனால் அதை மட்டும் ஓடவிட்டுப் போய்விடாதீர்கள், அவருக்கு உங்கள் குரல்தான் வேண்டும். ஜெபிக்க வேண்டிய பேரப்பிள்ளைகளின் பெயரைத் தினம் ஒன்றாகச் சொல்லிக் கேளுங்கள், அவருக்கு அது ஒரு பொறுப்பாக இருக்கும். ஆலயத்துக்கு வர முடியாதவர்களுக்குப் போதகர் வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுப்பார். அவருக்கு வேலை அதிகம் என்று நீங்களாகவே நினைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைப் பார்த்துப் பேசுங்கள்.